அநுமதி கேட்ட மரணங்கள்

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று என்ற பெயருடைய சிறு மலை ஒன்று உண்டு. அதன்மேல் தனித்து நிற்கும் பெரும் பாறையின் முகத்தில், மேல்வரிசையில் 12, கீழ்வரிசையில் 12 ஆக, 24 சமணத் தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தரிசிக்கச் செல்வோரில் பலர் கவனியாமலே கடந்துவிடும் சாசனம் ஒன்றும் அக்குன்றில் இருக்கிறது. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உணவைத் துறந்திருந்து உயிர்நீத்த நிசீதிகை, அதாவது நினைவிடம், இது என்பதே அச்சிறு சாசனத்தின் முழுச் செய்தி. காலத்தால் அதற்குப் பல நூற்றாண்டு பிற்பட்ட இன்னொரு சாசனம், இளைய படாரர் என்பவர் 30 நாள் அவ்வாறே இருந்து மறைந்ததைச் சொல்கிறது. எழுத்தாராய்ச்சியாளர் முன்னதைப் பெரிதும் போற்றுவர். ‘ஐ’ என்னும் எழுத்தின் பழைய வடிவம் அதிலே காணப்படுவதுதான் காரணம்.

என் சிந்தையை ஈர்ப்பது அந்த எண். உணவை விட்டு, பேச்சைக் குறைத்து, உள்ளத்தை உள்முகமாகத் திருப்பிக்கொண்ட ஒரு முனிவர், தாம் பட்டினியிருந்த நாட்களைத் தாமே எண்ணிக்கொண்டிருந்திருக்க மாட்டார். அருகில் இருந்த யாரோ ஒருவர், விடியல்தோறும் அவர் முகத்தைப் பார்த்து, மூச்சு இருப்பதை அறிந்து, இன்று இத்தனையாவது நாள் என்று கணக்கு வைத்திருந்து, 57ஆம் நாளோடு அக்கணக்கை முடித்துக் கல்தச்சனிடம் சொல்லியிருக்கிறார். மரணத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது என்பதைப் பலரும் அறிவர். ஆயினும் அவ்வழக்கம் தனிமையில் நடந்ததில்லை என்பதையும், கேட்க வேண்டியவரிடம் சம்மதம் கேட்ட பிறகே நடந்தது என்பதையும், அவ்வாறு கேட்கப்பட்டவர் ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்லக்கூடியவராகவும் இருந்தார் என்பதையும் இக்காலத்தில் இவ்விஷயத்தைப் பற்றி வாதிடுவோர் பெரும்பாலும் நினைவில் கொள்வதில்லை. அந்த மறுப்புகளின் வழியாகவே இச்சரித்திரத்தைப் பார்க்க விரும்புகிறேன்.

சங்க நூல்களில் வடக்கிருத்தல் என்று வழங்கப்படும், உண்ணாதிருந்து உயிர்விடும் வழக்கத்தைக் கோப்பெருஞ்சோழனது வரலாற்றில் காண்பது போல விளக்கமாக வேறெங்கும் காண இயலாது. உறையூரிலிருந்து ஆண்ட அம்மன்னனுக்கு எதிராக அவன் புதல்வரே படை திரட்டினர். அவனும் சினந்து போருக்கு எழுந்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்ற புலவர், வென்றால் உன் நாட்டை யாருக்கு விட்டுச் செல்வாய், தோற்றால் உன் பகைவர் மகிழ அன்றோ செய்வாய் என்ற கருத்துப்பட எடுத்துரைக்க, சினம் அடங்கிய மன்னன் அரசைத் துறந்து, ஆற்றிடையே புள்ளி புள்ளியாக விழுந்த மரநிழலில் வடக்கு நோக்கி அமர்ந்தான். பாண்டி நாட்டில் வாழ்ந்த பிசிராந்தையார் அவனைக் கண்டதில்லை. அவனும் அவரைக் கண்டதில்லை. இருந்தும், அவர் வருவார், அவருக்கு என் அருகில் ஓர் இடம் ஒழித்து வையுங்கள் என்று அவன் கூறியதும், சூழ்ந்திருந்தோர் ஐயுற்றதும், அவர் வந்து அமர்ந்ததும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. நட்பின் பெருமைக்கு எடுத்துக்காட்டாக அதனைச் சொல்லிச் சொல்லி, அதே பாடல் தொகுதியில் அடுத்து நிற்கும் பொத்தியாரை நாம் சற்று மறந்துவிட்டோம்.

பொத்தியார் கண்காணாத நண்பரல்லர். மன்னனோடு உடனுறைந்து பழகிய புலவர். அவரும் உடன் அமர வந்தார். மன்னன் இசையவில்லை. உம் மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்த பின் வாரும் என்று திருப்பி அனுப்பிவிட்டான். எங்கிருந்தோ வந்த ஒருவருக்கு இடம் ஒழித்து வைத்தவன், அருகிலேயே இருந்தவருக்கு இடம் இல்லை என்றான். இருவரிடத்தும் அவன் கொண்ட அன்பில் குறைவு இருந்ததால் அன்று, பிறக்கப்போகும் ஒரு குழந்தைக்குப் பொத்தியார் மீது கடன் இருந்தமையால். அவர் உறையூருக்குத் திரும்பினார்; மன்னன் இல்லாத ஊரைக் கண்டு அழுது பாடினார்; மகன் பிறந்த பின், மன்னன் நடுகல்லாகி நின்ற இடத்துக்கு மீண்டும் வந்து, எனக்குரிய இடம் எது என்று கேட்டார். தன் உயிரைத் தான் விட எண்ணும் ஒருவனுக்கும் பிறர் மீதுள்ள கடமை அவனைத் தடுத்து நிறுத்தவல்லது என்ற நியாயத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பழைய சான்றை நான் அறியேன்.

சேரமான் பெருஞ்சேரலாதனது வடக்கிருத்தல் வேறு வகையானது. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் மார்பைத் துளைத்து முதுகில் புண் செய்ததாக, அப்புறப்புண்ணுக்கு நாணி அவன் அமர்ந்தான். அதைக் கேட்ட சான்றோர் சிலரும் உடன் உயிர் துறந்தனர் என்று அகநானூறு கூறும். தடுத்தவர் எவரையும் அப்பாடல்களில் காணோம். வீரயுகத்தின் மானம் என்று புலவர்கள் புகழ்ந்த அச்செயலை இன்று படிக்கும்போது, தடுக்க ஒருவர் இல்லாமற்போனாரே என்ற வருத்தமே எனக்கு மேலிடுகிறது.

சமண சமயத்தார் இதே பொருளை எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு சாஸ்திரமே வகுத்தனர். சல்லேகனை என்பது அவர்கள் வழங்கும் பெயர். திகம்பர ஆசாரியரான சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தாருக்கு அதனை விதிக்கின்றன. நீங்காத இடர், பஞ்சம், மூப்பு, தீராத வியாதி என்னும் நான்கில் ஒன்று நேர்ந்து, அதற்குப் பரிகாரம் ஒன்றும் இல்லை என்ற நிலை ஏற்பட்டாலன்றி அதனைத் தொடங்குதல் ஆகாது. தொடங்குபவர் முதலில் அன்பையும் பகையையும் பற்றையும் பொருளையும் விடவேண்டும். சுற்றத்தாரிடமும் ஏவலரிடமும் இனிய சொற்களால் மன்னிப்புக் கேட்டு, தாமும் அவர்களை மன்னிக்கவேண்டும். வாழ்நாளில் செய்த தீவினைகளை ஒளியாமல் குருவின் முன் சொல்லித் தீர்க்கவேண்டும். உணவை விடுவதும் ஒரே நாளில் நிகழ்வதன்று. திட ஆகாரம் குறைந்து பால் முதலிய பானமாகும், பிறகு பாலும் நின்று கஞ்சியும் வெந்நீருமாகும், அதன் பிறகே உபவாசம். ஒவ்வொரு படியிலும் குரு பார்த்துக்கொண்டிருப்பார். மனம் கலங்குகிறது என்று கண்டால் நிறுத்தவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

இவ்விதிகளுள் என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்துவது, விரதத்தைக் கெடுக்கும் குற்றங்கள் என்று அவர்கள் கணக்கிட்ட ஐந்து. இன்னும் வாழவேண்டும் என்ற ஆசை ஒன்று, அச்சம் ஒன்று, நண்பரை நினைந்து ஏங்குதல் ஒன்று, மறுமையில் இன்ன பயன் வேண்டும் என்று கோருதல் ஒன்று. ஐந்தாவது, விரைவில் இறந்துவிட வேண்டும் என்ற ஆசை. சாவதற்கென்றே உண்ணாமல் இருப்பவன் சாவை விரும்பினால் அவன் நோன்பு பழுதுபடும் என்று சொல்வது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் துன்பத்திலிருந்து தப்பி ஓடுகிறவனையும், முடிந்துபோன ஆயுளை அமைதியாக ஒப்படைக்கிறவனையும் வேறு பிரித்தறிய அவர்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. மனத்தின் அவசரத்தையே அவர்கள் அளவுகோலாகக் கொண்டனர். சோர்விலும் துயரத்திலும் உயிரை விடத் துணிவதை அச்சமயம் பாவம் என்றே கண்டித்தது.

சாஸ்திரம் வகுத்த சமந்தபத்திரரது வாழ்க்கையிலேயே மறுப்பு ஒன்று நிகழ்ந்ததாகக் கதை வழங்குகிறது. எவ்வளவு உண்டாலும் தீராத பசியைத் தரும் பஸ்மகம் என்னும் வியாதி அவரைப் பற்றிக்கொண்டது. ஒருவேளை உணவையே கையில் ஏற்று உண்ணும் திகம்பர முனிவருக்கு அது எத்தகைய சித்திரவதை என்று சொல்ல வேண்டியதில்லை. சல்லேகனை ஏற்க அநுமதி தரவேண்டும் என்று குருவை வேண்டினார். குரு மறுத்தார்: உன்னால் ஆகவேண்டிய காரியங்கள் எவ்வளவோ இருக்கின்றன, துறவுக் கோலத்தைக் களைந்தாவது, எவ்வகையிலேனும் உண்டு பிழைத்து, நோய் நீங்கிய பின் மீண்டும் தீட்சை பெறு என்றார். வேஷம் மாறிச் சென்ற சமந்தபத்திரர், காசி என்று ஒரு கதையும் காஞ்சி என்று மற்றொரு கதையும் சொல்லும் நகரத்தில், ஒரு சிவாலயத்து நைவேத்தியத்தை நாள்தோறும் உண்டு நோய் நீங்கப்பெற்றார் என்பர். கதையில் எவ்வளவு சரித்திரம் என்பது வேறு ஆராய்ச்சி. விரதத்தைக் காட்டிலும் உயிர் பெரிது என்று சொல்லும் குருவை, அவ்விரதத்தைப் போற்றிய சமூகமே தன் கதைகளில் உயர்த்தி வைத்திருக்கிறது என்பதே இங்கே நான் கருதுவது.

சாஸ்திரம் ஒன்று சொல்ல, காவியம் அதற்கு அப்பாலும் செல்லும். சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் சமணத் துறவி; கோவலனையும் கண்ணகியையும் மதுரை வரையில் வழித்துணையாக அழைத்து வந்தவர்; அவர்கள் முடிவைக் கேள்வியுற்று உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்தார் என்று நீர்ப்படைக் காதையில் அறிகிறோம். துயரத்தால் தொடங்கிய அந்நோன்பைச் சமந்தபத்திரர் ஏற்றிருப்பாரா என்பது ஐயமே. இளங்கோவடிகள் அதைப் பழிக்கவும் இல்லை, விரித்துப் புகழவும் இல்லை. மாடலன் என்னும் மறையோன் வாய்மொழியில் ஒரு செய்தியாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்.

மன்னரும் இவ்விரதத்தை ஏற்றனர். கங்க அரசன் இரண்டாம் மாரசிம்மன் அரசைத் துறந்து பங்காபுரத்தில் அஜிதசேனர் என்னும் ஆசாரியரின் சந்நிதியில் முடிவெய்தியதையும், இராஷ்டிரகூட வமிசத்தின் கடைசி வாரிசான நான்காம் இந்திரன் 982ஆம் ஆண்டில் சிரவணபெளகொளாவில் அவ்வாறே மறைந்ததையும் கன்னட நாட்டுச் சாசனங்கள் கூறும். அண்மைக் காலத்தில், திகம்பரத் துறவு நெறியைப் புதுப்பித்தவர் என்று போற்றப்படும் சாந்திசாகர ஆசாரியர், முதுமையில் கண்பார்வை மங்கி, காலடியில் ஊரும் சிற்றுயிரைக் கண்டு விலகி நடக்கவும் இயலாத நிலை வந்தபொழுது, 1955ஆம் ஆண்டு குந்தலகிரியில் சல்லேகனை ஏற்று, 36ஆம் நாளான செப்டம்பர் 18 அன்று அடங்கினார். சமணரல்லாத வினோபா பாவேயும் 1982 நவம்பரில், நோயுற்ற நிலையில் உணவும் மருந்தும் வேண்டாம் என்று மறுத்துப் பவனார் ஆசிரமத்தில் மறைந்தார்.

இவற்றோடு ஒருசேர வைத்துப் பேசவே கூடாத ஒன்று நம் தென் மாவட்டங்களில் இருந்துவந்திருக்கிறது. படுக்கையில் கிடக்கும் முதியவரை அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, காய்ச்சல் கண்டு இறக்கச் செய்யும் தலைக்கூத்தலைத்தான் சொல்கிறேன். ஊரார்க்குத் தெரியும், உறவினர் வந்து பார்த்துப்போவதும் உண்டு, வெளியில் பேசுவார் இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர், தமக்கு அது நடக்கவிருப்பதை வீட்டார் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தப்பி ஓடினார் என்று 2010இல் பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகுதான் வெளியுலகம் அதனைச் சற்றே கவனித்தது. வறுமையும், பணிவிடை செய்ய ஆளில்லாமையும், கூலி வேலையை விட்டுவிட்டு ஒருவர் வீட்டில் உட்கார முடியாத நிலையும் அதற்குக் காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. கருணை என்றே அதைச் செய்தவர் பலர் நம்பினர். ஆனால் அங்கே இறப்பவரிடம் எவரும் கேட்பதில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்ட மாத்திரத்தில் அவர் அறிந்துகொள்வார். அறிந்தும் ஒன்றும் சொல்ல இயலாதவராயிருப்பார். பொத்தியார் கோப்பெருஞ்சோழனிடம் கேட்ட கேள்வியும், சீடன் குருவிடம் கேட்ட கேள்வியும் இல்லாத இடத்தில் வடக்கிருத்தலின் பெயரைச் சொல்வது அப்பெயருக்கே இழுக்கு, அது கொலை.

ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டம் இவ்வேறுபாடுகளுள் எதனையும் பார்க்கவில்லை. அதன் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனுக்கு ஓராண்டு வரை சிறை என்று விதித்தது. துயரத்தின் எல்லையிலிருந்து திரும்பி வந்தவனைச் சிறையில் அடைப்பது என்ன நியாயம் என்ற கேள்வி எழுவதற்கே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1994இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லாது என்றது. 1996இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வாழும் உரிமையில் சாகும் உரிமை அடங்காது என்று அத்தீர்ப்பை மாற்றியது. எனினும், மரணம் நெருங்கிவிட்ட ஒருவர் கண்ணியமாக இறப்பது வாழும் உரிமையின் பகுதியே என்று ஒரு சிறு கதவைத் திறந்தும் வைத்தது. மனத்துயரால் முயன்றவரைத் தண்டிக்காமல் பராமரிக்க வேண்டும் என்ற நிலையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நியாயச் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவு இல்லை.

சல்லேகனை நீதிமன்றத்துக்கு வந்தது இவ்விடைக்காலத்தில்தான். 2006இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2015 ஆகஸ்டு 10 அன்று இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதனைத் தற்கொலையாகவே கொள்ளவேண்டும் என்று தீர்ப்பளித்தது. சமணர்கள் பல நகரங்களில் மௌன ஊர்வலம் சென்றனர். அதே மாதம் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. வழக்குத் தொடுத்தவரின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். முதிய விதவை ஒருத்தி, வீட்டாரின் பெருமைக்காக நோன்பில் அமர்த்தப்படுவாளானால், பசி மேலிட்டு அவள் ‘போதும், உணவு தாருங்கள்’ என்று கேட்கும்போது வெளியே கூடியிருக்கும் கூட்டமும் கீர்த்தனையும் அதைக் கேட்கவிடுமா என்பது தக்க கேள்வியே. ஆனால் அதற்கு விடை சாஸ்திரத்திலேயே இருக்கிறது: நிறுத்தும் அதிகாரம் உடைய குரு அருகில் இருந்தாரா, அவர் அவளிடம் தனித்துக் கேட்டாரா என்பதைப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது மறுப்பு மும்பையில் நிகழ்ந்தது. கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றிய அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று, அங்கேயே வேலை செய்த ஒருவனால் தாக்கப்பட்டு, கழுத்து நெரிக்கப்பட்டதில் மூளைக்கு இரத்தம் செல்லாமல் உணர்விழந்தார். அவர் கதையை நூலாக எழுதிய பிங்கி விரானி, இனியும் உணவூட்டி அவ்வுயிரை நிறுத்திவைத்திருப்பது முறையன்று என்று உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2011 மார்ச் 7 அன்று தீர்ப்பு வந்தது: மீளாநிலையில் இருப்பவருக்குச் சிகிச்சையை நிறுத்துவது உயர் நீதிமன்ற அநுமதியோடு கூடும், அருணாவின் விஷயத்தில் அது ஆகாது. ஏனெனில் அவர் சார்பில் பேசும் உரிமை, 37 ஆண்டுகளாக அவரைப் பராமரித்துவந்த செவிலியருக்கும் மருத்துவருக்குமே உண்டு. அவர்கள் வேண்டாம் என்கிறார்கள். பிசைந்த உணவை ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, அத்தனை ஆண்டுகளில் ஒரு படுக்கைப் புண்ணும் வராமல் காத்தவர்கள் அவர்கள். அவரோடு பணிபுரிந்தோர் ஓய்வுபெற்றுச் சென்றபின், அவரை நடமாடக் கண்டிராத இளம் செவிலியர் தலைமுறை தலைமுறையாக அப்பணியை ஏற்றனர். 2015 மே 18 அன்று அருணா இறந்தபோது இறுதிச் சடங்கில் அவர்களே முன்னின்றனர். பிங்கி விரானியின் இரக்கத்தையும் நான் மதிக்கிறேன். ஆயினும் இடம் ஒழித்து வைப்பதோ மறுப்பதோ அருகிருந்தவரின் உரிமை என்ற பழைய நியாயத்தையே நீதிமன்றம், அறிந்தோ அறியாமலோ, மீண்டும் சொல்லிற்று.

ஒரு குறை அதில் இருந்தது. பொத்தியாரும் சமந்தபத்திரரும் தாமே கேட்டனர், அருணாவால் கேட்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அளித்த தீர்ப்பு அக்குறையைத் தீர்க்க முயன்றது. அறிவு தெளிவாக இருக்கும்போதே, இன்ன நிலை வந்தால் இன்ன சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் எழுதிவைக்கலாம்; இரண்டு சாட்சிகள் வேண்டும். நீதித்துறை நடுவர் கையொப்பமும் வேண்டும் என்றிருந்த நிபந்தனையைச் செய்துமுடிப்பதே அரிதாயிருந்தமையால், 2023 ஜனவரியில் நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ போதும் என்று தளர்த்தினர். எழுதிவைத்தாலும் உடனே நடந்துவிடாது: மருத்துவமனையில் ஒரு குழுவும், அதன்மேல் மற்றொரு குழுவும் இசையவேண்டும்; அவை மறுத்தால் உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஊசியிட்டு உயிரைப் போக்குவதற்கு எந்நிலையிலும் இடமில்லை.

நான்கு நிலைகளைச் சொன்ன சமந்தபத்திரர், பரிகாரம் இல்லாதபோது என்ற நிபந்தனையை அவற்றின் தலையில் வைத்தார். அந்நிபந்தனையைத்தான் நம் காலம் போதுமான அளவு சிந்திக்கவில்லை. புற்றுநோயின் கடைசி மாதங்களில் வலியைத் தணிக்கவல்ல மார்ஃபின் மலிவான மருந்து. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதித்த உரிமங்களின் சிக்கலால், மருத்துவமனைகள் பல அதை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. பரிகாரம் இருந்தும் இல்லாத நிலையில் எத்தனையோ பேர் கதறி மாண்டனர். அச்சட்டம் 2014இல் திருத்தப்படும் வரையில் 29 ஆண்டுகள் சென்றன. அதற்குள்ளேயே, 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் வலி தணிப்புப் பராமரிப்புக்காக ஒரு சங்கம் தொடங்கினர்; அண்டை வீட்டாரே பயிற்சி பெற்று நோயாளியின் வீடு தேடிச் செல்லும் முறை அங்கிருந்து மலையாள நாடெங்கும் பரவி, 2008இல் அம்மாநில அரசின் கொள்கையாகவும் ஆயிற்று. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்போருக்கு வீட்டிலேயே வலி தணிப்புச் சிகிச்சை தருவதும் ஒரு பகுதி. தலைக்கூத்தல் நடந்துவந்த மாவட்டங்களும் அத்திட்டத்தின் எல்லைக்குள்தான் இருக்கின்றன.